சார்ஜாவிலிருந்து வந்த வயரும் சந்திப்பில் வாங்கிய கனெக்டரும்

எங்கள் வீட்டில் வெளிநாட்டுச் சாமானைக் குறை சொல்லக் கூடாது. சொன்னால் அதை அனுப்பியவரைச் சொன்னதாகிவிடும். அதனால்தான் யார் காலுக்கும் சேராத செருப்பு, நம் ஊர்ச் சுவரில் நுழையாத சதுரக்கால் பிளக் வைத்த இஸ்திரிப் பெட்டி, மூடியைத் திறந்தாலே தும்மல் வருகிற அத்தர் எல்லாம் எங்கள் ஷோகேஸில் சகல மரியாதைகளோடும் குடியிருக்கின்றன. என் கணவர் சார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். வருஷத்துக்கொரு பெட்டி அனுப்புவது அவருக்குச் சந்தோஷம். அதை ஹாலில் வைத்துப் பிரிப்பது என் மாமியாருக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம். எங்கள் ஊர் மேலப்பாளையத்தில் இது பல வீடுகளிலும் நடப்பதுதான்.

அப்படி வந்த ஒரு பெட்டியில்தான் அந்த வயர் இருந்தது. நான் கேட்டுத்தான் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் படித்தவள் நான். கல்யாணமாகி, மகள் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்வரை அந்தப் படிப்பை ஏனென்று கேட்க ஆளில்லை. பிறகு ஒரு பயிற்சி முடித்து, சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சேர்ந்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்று பிரித்து, அதற்குரிய எண்ணைப் போடுவது என் வேலை. முகம் தெரியாத ஒருவருடைய பித்தப்பையைப் பற்றி எனக்குத் தெரிகிற அளவு அவர் வீட்டாருக்கே தெரியாது. எண்ணைத் தப்பாகப் போட்டால் அவருக்குக் காப்பீடு கிடைக்காது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நாள் முழுவதும் மூளையைப் போட்டுக் கசக்குகிற சுகத்தை அந்த நாற்காலியில்தான் திரும்பக் கண்டேன்.

எங்கள் தெருவில் பெண்கள் வீட்டிலிருந்து வேலை செய்வது புதிதில்லை. இலையும் தூளும் வைத்த முறத்தை, எங்கள் பேச்சில் சுளகை, மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றாத வீடே ஒரு காலத்தில் கிடையாது. மாமியும் சுற்றியவர்தான். மகன் சபருக்கு, அதாவது வெளிநாட்டு வேலைக்கு, போய் முதல் பெட்டி அனுப்பிய பிறகுதான் நிறுத்தினாராம். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தால் அது வேலை என்று அவருக்குத் தோன்றவில்லை. வருகிறவர்களிடம், "மருமவ மாடியில டைப்படிச்சிக்கிட்டு இருக்கா. பொழுது போகணும்லா," என்பார்.

கம்பெனிக்குச் சில சட்டங்கள் உண்டு. நோயாளிகளின் விவரம் என்பதால் திரையை வேறு யாரும் பார்க்கக் கூடாது. கதவு சாத்திய தனி அறை வேண்டும். வைஃபை கூடாது, இன்டர்நெட் பெட்டியிலிருந்து கணினிக்கு நேராக வயர் வர வேண்டும். பெட்டியோ கீழே ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. தனியாக உட்காரத் தோதான ஒரே அறை மாடியில் இருந்தது. ஹால் ஜன்னல் வழியாக வெளியேறி, சுவரேறி, மாடி ஜன்னல் வழியாக உள்ளே வருகிற நீளத்துக்கு ஒரு வயர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். இங்கேயே வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். இரண்டாவது வாக்கியம் கடல் தாண்டவில்லை.

அவர் கடையில் இருப்பதிலேயே உசத்தியானதைக் கேட்டு வாங்கியிருக்கிறார். வயர் என் சுண்டுவிரல் கனம். உள்ளே உலோக வலை, அதற்குள் வெள்ளித்தாள் சுற்றிய நாலு ஜோடிக் கம்பிகள். மாமி அதைத் தெருவுக்கே காட்டினார்.

"எம் மவன் அனுப்புனது. யானையைக் கட்டலாம் போல இருக்கு. இங்கன உள்ள வயரெல்லாம் எலி கடிச்சே போயிரும்."

எங்கள் தெருவுக்கு டிவி லைனும் இன்டர்நெட்டும் கொடுக்கிற கேபிள்காரர் வந்தார். வயரின் முனையில் மாட்டுகிற கனெக்டர் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு. முன்னால் எட்டுத் தகடு, பின்னால் எட்டுக் கம்பிக்கு எட்டுத் துளை, முதுகில் அமுக்கினால் வளைகிற ஒரு நாக்கு. பெட்டிக்குள் நுழைத்ததும் அந்த நாக்குதான் டக்கென்று பூட்டிக்கொள்ளும். கேபிள்காரர் கம்பிகளை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. கம்பி கனம், துளை சின்னது. அந்த இடத்தில் எவரும் சொல்ல வேண்டியது, 'இந்த வயருக்கு இந்த கனெக்டர் ஆகாது' என்பதுதான். ஆனால் மாமி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் மகன் அனுப்பிய வயர். கேபிள்காரர் கனெக்டரைப் பையில் போடவில்லை, பிளேடை வெளியே எடுத்தார்.

"ஃபாரின் வயருல்லா, தடிமனாத்தான் இருக்கும். லேசா சீவி விட்டாப் போதும்," என்றார்.

எட்டுக் கம்பிகளின் மேல்தோலையும் முருங்கைக்காய் சீவுவது போலச் சீவி, உள்ளே திணித்து, கிரிம்பிங் டூலை வைத்து நசுக்கினார். மாடியில் ஒன்று, கீழே ஒன்று. கீழ் முனையை ஷோகேஸுக்குப் பின்னால் கையை விட்டு மாட்டும்போது நாக்கு ஒடிந்தது. "நாக்கு போனா என்ன? மாட்டுனா நிக்குதுல்லா," என்றார். பச்சை விளக்கு எரிந்தது. மாமி அவருக்கு எலுமிச்சைச் சர்பத் கொடுத்து அனுப்பினார்.

அன்றிலிருந்து லைன் நினைத்தபோது போகும், நினைத்தபோது வரும். காற்றடித்தால் போகும். நான் நாற்காலியை நகர்த்தினால் போகும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று மாமி சொல்லிவிட்டதால் வயர் வெளியே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காக்கா அதில் உட்கார்ந்தால்கூடப் போகும். லைன் போனால் பாதி முடித்த குறிப்பு அத்தனையும் போய்விடும். கேபிள்காரரைக் கூப்பிட்டால் அவர் வந்து கனெக்டரைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டிவிட்டுப் போவார்.

கடைசியில் சென்னையிலிருந்து என் மேலதிகாரி பேசினார். "வர்ற புதன்கிழமை முழுக்க உங்க ஸ்கிரீனை இங்கிருந்து பாத்துட்டே இருப்போம். ஒரு தடவை கட் ஆனாலும் ஆபீசுக்கு வந்து வேலை பாருங்க. இல்லன்னா பேப்பர் போட்டுடுங்க. எனக்கு வேற வழியில்லைம்மா."

மகளைப் பாளையங்கோட்டைப் பள்ளியில் படிக்க விட்டுவிட்டு நான் சென்னைக்கு எங்கே போவது? ஆக, புதன்கிழமை லைன் அறுந்தால் வேலை போகும். இதை வீட்டில் சொன்னேன். சொன்ன பிறகுதான், ஏன் சொன்னோம் என்று ஆனது. மாமியின் முகத்தில் கவலையே இல்லை. "அல்லா எதையும் ஒரு நல்லதுக்குத்தான் செய்யுதான்," என்றார். கணவர் வீடியோவில் வந்தார்.

"விட்டுத் தள்ளுளா. அதப் போட்டுக் கட்டிக்கிட்டு அழணுமா? நான்தான் இருக்கேம்லா."

"நீங்க இருக்கீங்க. நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டேன். அவர் சிக்னல் சரியில்லை என்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் தூக்கம் வராது, பசி வரும். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய் மேல் முனைக் கனெக்டரைக் கழற்றிக் கையில் எடுத்தேன். கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் என்பதால் உள்ளே எல்லாம் தெரிந்தது. தோல் சீவிய இடத்தில் இரண்டு கம்பிகள் செம்பு தெரிய ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. வயரின் வெளிச்சட்டை கனெக்டரின் வாய்க்குள் நுழையவே இல்லை. வெளியே நின்றது. அதாவது அத்தனை கனமான வயரும் அந்த எட்டு மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. வயர்மீது குற்றமில்லை. கனெக்டர்மீதும் குற்றமில்லை. பொருந்தாத இரண்டைச் சேர்த்துவைத்துவிட்டு, பொருந்தும் என்று சொன்னவர்கள்மீதுதான் குற்றம்.

யூடியூபில் பார்த்தேன், படித்தேன். கனெக்டர் எல்லாம் ஒன்றில்லை என்று தெரிந்தது. மூன்று விஷயம் பார்க்க வேண்டும். துளைக்குள் எவ்வளவு கனமான கம்பி போகும் என்பது ஒன்று. உள்ளே கடிக்கிற பல் ஒற்றைக் கம்பிக்கானதா, பல இழை முறுக்கிய கம்பிக்கானதா என்பது ஒன்று, மாற்றிப் போட்டால் கொஞ்ச நாள் கடித்துவிட்டு விட்டுவிடும். வெளிச்சட்டையைப் பிடிக்கிற அளவுக்கு வாய் அகலமா என்பது ஒன்று. என் வயரில் உலோக வலை வேறு இருந்தது, அதைத் தொட்டுக்கொள்ள கனெக்டருக்கும் உலோக உடம்பு வேண்டும்.

கைப்பையில் ஒரு துண்டு வயரை வைத்துக்கொண்டு பஸ் ஏறி, ஆற்றுப்பாலம் தாண்டி, ரயில் சந்திப்புப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்துக் கனெக்டர்களைக் கொட்டினார். எல்லா ரகமும் ஒன்றாகக் கலந்து கிடந்தது.

"எதை வேணா எடுத்துக்கிடுங்க, எல்லாம் ஒண்ணுதான்."

நான் வயரை எடுத்து, கம்பியை ஒரு துளையில் வைத்துக் காட்டினேன். நுழையவில்லை. அவர் எட்டிப் பார்த்தார்.

"லேசா சீவிக்கிடணும்மா."

"சீவினதாலதான் அண்ணாச்சி இங்கன வந்து நிக்கேன்," என்றேன். "துளை பெருசா, ஒத்தக் கம்பியைக் கடிக்க மாதிரி, இரும்பு உடம்போட உள்ளது வேணும்."

"இதெல்லாம் உங்களுக்குச் சொன்னா புரியாது. வீட்டுல ஆம்பளைங்க இருந்தா அனுப்பி விடுங்க."

"ஆம்பளைங்க கடலுக்கு அங்கிட்டு இருக்காங்க. கம்பி என் கையில இருக்கு. நீங்க பெட்டியைத் திறந்து காட்டுங்க, புரியுதா இல்லையான்னு நான் சொல்லுதேன்."

கடையில் நின்ற வேறொருவர் சிரித்தார். கடைக்காரருக்கும் ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு தூசி படிந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். ஏதோ காலேஜ் ஆர்டருக்கு வரவழைத்து மீந்து போனதாம். ஒவ்வொரு கனெக்டரும் பெரிய பேரீச்சம்பழ அளவு, கனத்த உலோகம். கிரிம்பிங் டூலே வேண்டாம். கம்பிகளை வரிசையாக வைத்து, மூடியைக் குறட்டால் அமுக்கி, பின்னால் திருகை இறுக்கினால் வயரின் சட்டையை அதுவே கவ்விக்கொள்ளும். தப்பாகப் போனால் திறந்து மறுபடி போடலாம். என் கம்பி வெண்ணெயில் கத்தி போவது போல உள்ளே போனது. அந்த நிமிஷம் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். இரண்டு வாங்கினேன்.

அன்றைக்குக் கணவர் பேசும்போது, "அடுத்த பெட்டியில வேற வயர் அனுப்பட்டுமா?" என்று இறங்கி வந்து கேட்டார். "வயருக்கு ஒரு கொறையும் இல்லை. அனுப்பறதுக்கு முன்னால நான் சொல்லுததை முழுசாக் கேளுங்க, அது போதும்," என்றேன். இந்தத் தடவை சிக்னல் நன்றாகவே இருந்தது.

மேல் முனையை மாற்ற உட்கார்ந்தேன். எட்டுக் கம்பியில் நாலு நிறக் கம்பி, நாலு வெள்ளைக் கம்பி. ஒவ்வொரு வெள்ளையும் ஒரு நிறத்தோடு முறுக்கியிருக்கும். சாதாரண வயரில் வெள்ளைமேல் ஜோடியின் நிறத்தில் கோடு இருக்கும். இதில் இல்லை. முறுக்கைப் பிரித்தபின் எந்த வெள்ளை யாருக்குச் சொந்தம் என்று தெரியவில்லை. முதல் தடவை மாட்டியதும் விளக்கே எரியவில்லை. திறந்து, முனையை வெட்டி, இந்தத் தடவை தையல் பெட்டியை எடுத்துவைத்துக்கொண்டேன். முறுக்கைப் பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொரு வெள்ளையிலும் அதன் ஜோடியின் நிறத்தில் ஒரு நூல் கட்டினேன். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. வரிசையில் வைத்து, நூலை அவிழ்த்து, மூடியை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. நாற்காலியை நகர்த்தினேன், மேசையை உலுக்கினேன், வயரைப் பிடித்து ஆட்டினேன். எரிந்துகொண்டே இருந்தது.

கீழ் முனையையும் அப்போதே மாற்றியிருக்க வேண்டும். அதற்கு ஷோகேஸை நகர்த்த வேண்டும். ஷோகேஸில் கை வைத்தால் மாமி சத்தம் போடுவார். மேலே சரியாகிவிட்டதே என்று விட்டுவைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் லைன் கல்லுப்போல அசையாமல் நின்றது. மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லி முடிந்த கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது. படிகளில் ஓடினேன். ஹாலில் மாமி ஷோகேஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் வயரின் முனை இருந்தது, நாக்கில்லாத அந்தக் கனெக்டரோடு.

"ஏளா, மீன்காரி வந்து நிக்கா. சாளை நல்லாருக்கு, வாங்குவமா?" என்றார்.

"மாமி, அதை நீங்களா கழத்துனீங்க?"

"பின்ன என்ன செய்ய? கதவைச் சாத்திக்கிடுதே, கூப்புட்டா கேக்க மாட்டேங்கு. எனக்கு முட்டு வலியில படியேற முடியுமா? இதைப் புடுங்குனா ஓடி வந்துருதேல்லா."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆரம்பத்திலிருந்தே என்றார். ஒருநாள் கூட்டும்போது விளக்குமாறு பட்டு அது கழன்றதாம், நான் உடனே கீழே ஓடி வந்தேனாம். நல்ல ஏற்பாடாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆக, காற்றும் காக்காவும் பாதி அறுத்தன. மீதிப் பாதியை மீன்காரியும் பால்காரரும் பக்கத்து வீட்டாரும் மாமி கையால் அறுத்திருக்கிறார்கள். அவர் மறைக்கவும் இல்லை. காலிங்பெல்லை அமுக்கியதை யாராவது மறைப்பார்களா?

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மாமியாரிடம் குரலை உயர்த்தக் கூடாது என்பார்கள். உயர்த்தினேன்.

"நீங்க பீடி சுத்துனீங்கள்லா, மடியில சுளகை வச்சுக்கிட்டு? நடுவுல யாராவது வந்து அந்தச் சுளகைத் தட்டிவிட்டு, மீன் வாங்க வான்னு கூப்புட்டா விடுவீங்களா?"

"அதும் இதும் ஒண்ணாளா?"

"ஒண்ணுதான். புதன்கிழமை இது கழண்டா என் வேலை போயிரும். உங்க சுளகை எடுத்து ஆத்துல வீசுன மாதிரி."

மாமி வயரை என் கையில் கொடுத்துவிட்டு மீன்காரியிடம் போனார். அன்றைக்கு முழுவதும் என்னிடம் பேசவில்லை. சாளை மட்டும் வாங்கியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் ஷோகேஸை நகர்த்தினேன். "ஏளா, ஒடஞ்சிரும்," என்று மாமி உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "ஒடஞ்சா ஒடையட்டும்," என்றேன். செருப்பும் இஸ்திரிப் பெட்டியும் அத்தரும் கலகலத்தன, ஒன்றும் உடையவில்லை. கீழ் முனையை வெட்டி, நூல் கட்டி, இரண்டாவது கனெக்டரைப் போட்டேன். பெட்டியில் நுழைத்ததும் அதன் நாக்கு டக்கென்று பூட்டிக்கொண்டது. கெட்டியான நாக்கு. அதை அமுக்கிக்கொண்டு இழுத்தால்தான் கழலும், வெறுமனே இழுத்தால் பெட்டிதான் கூட வரும். பெட்டியை டிவி வைத்த அலமாரியோடு திருகாணி போட்டு இறுக்கினேன். அமுக்குகிற வித்தையை மாமிக்குச் சொல்லித் தரவில்லை.

புதன்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மதியத்துக்கு முன்னால் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஏரலிலிருந்து மாமியின் அக்காவும் அவர் வீட்டாரும், சொல்லாமல் கொள்ளாமல். கீழே சலாம் சொல்கிற சத்தம், சிரிப்பு. மாமி என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு சிறுநீரகக் குறிப்பில் பாதியில் இருந்தேன். மறுபடி கூப்பிட்டார். அப்புறம் சத்தமில்லை.

ஜன்னலில் வயர் ஒருமுறை விறைத்து ஆடியது. திரையைப் பார்த்தேன். இருளாமல் நின்றது. வயர் மறுபடி, பலமாக, ஒரு இழுப்பு. திரை அப்போதும் இருளவில்லை. சிவப்புப் புள்ளியும் மூலையில் அப்படியே இருந்தது. நான் குறிப்பில் அடுத்த வரியைப் படித்தேன்.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். ஒரு படி, நிற்கிறது, மூச்சு. இன்னொரு படி. முட்டு வலி வந்ததிலிருந்து மாமி மாடிக்கு வந்ததே இல்லை. கதவுக்கு வெளியே வந்து நின்று இரைத்தார்.

"ஏளா. ஏரல்லருந்து வந்துருக்காவ. எறங்கி வந்து வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருவே?"

"நாலு மணிக்கு வாரேன் மாமி. இப்ப எந்திரிச்சா வேலை போயிரும்."

"புடுங்குனேன். வர மாட்டேங்கு."

"வராது மாமி. வராத மாதிரித்தான் மாட்டிருக்கேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் இரைப்பு மட்டும் கேட்டது. அந்த முட்டோடு ஏறி வந்திருக்கிறாரே என்று எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஒரு நாற்காலி எடுத்துப் போட வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று கால் துடித்தது. நான் எழவில்லை. எழுந்தால் இனி எப்போதும் எழ வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த எண்ணைப் போட்டேன்.

காலடிகள் பைய இறங்கிப் போயின. கீழே அவர் அக்கா, "எங்க மருமவளைக் காணோம்? வந்தவங்களைப் பாக்க ஒரு எட்டு எறங்கி வரக் கூடாதா?" என்று கேட்பது படி வழியாகக் கேட்டது. டைப்படிக்கிறாள், பொழுது போகணும் என்று மாமி சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"இப்ப வர மாட்டா," என்றார் மாமி. "மடியில சுளகு இருக்கு."